ஹோட்டலில் மாட்டுக்கறி: யாருக்கு இழிவு?



நமது தாலுகாவிலிருந்து சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போய், அங்கே ஹோட்டல் அடுப்பங்கரையில் சில வருஷம் உழைத்துத் தொழில் பழகித் திரும்பிய இரண்டு வாலிபர்கள், பட்டுக்கோட்டைக் கடைத்தெருவில் 'ஸ்டேக்' ஹோட்டல் ஒன்று வைக்கலாம் என்று இடம் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் முதல் இருக்கிறது. தொழில் தெரிந்திருக்கிறது. முன்பணமும் வாடகையும் கேட்டபடி கொடுக்கத் தயாராயிருக்கிறார்கள். கடைதான் கிடைத்தபாடில்லை. போகிற இடத்திலெல்லாம் நடக்கிற பேச்சு ஒரே மாதிரியாகத்தான் இருக்கிறதாம்.

"என்ன கடை தம்பி வைக்கப் போறீங்க?"

"சாப்பாட்டுக் கடைங்க ஐயா."

"சைவமா, அசைவமா?"

"அசைவந்தாங்க."

"ரொம்ப நல்லது. நம்ம ஊர்ல அதுதான் ஓடும். பிரியாணியா?"

"இல்லீங்க. மாட்டுக்கறி."

பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது. "வேறே இடம் பாருங்க தம்பி" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது.

இப்படிச் சொன்னவர்களில் ஒருவர்கூடப் பார்ப்பனரல்லர் என்பதை வாசகர்கள் முதலில் கவனிக்க வேண்டுகிறோம். ஒருவர்கூடச் சைவரும் அல்லர். ஆட்டின் தலை, கால், குடல், ரத்தம் வரை ஒன்றும் வீணாகாமல் சாப்பிடுகிறவர்கள். அதிராம்பட்டினத்து இறாலும் நண்டும் கண்டால் விடாதவர்கள். காடையும் முயலும் கிடைத்தால் விருந்தாளியைக் கூப்பிடுகிறவர்கள். ஆகவே உயிரைக் கொல்லலாமா என்கிற கருணைப் பிரச்சினை இங்கே இல்லவே இல்லை. அப்படியானால் எது பிரச்சினை என்பதைத்தான் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

ஸ்டேக் என்பது தேவலோகத்திலிருந்து இறங்கிய பதார்த்தமல்ல. மாட்டின் முதுகுச் சதையையோ இடுப்புச் சதையையோ விரற்கடைக் கணக்கில் தடிப்பாக வெட்டி, உப்பும் மிளகுப் பொடியும் தடவி, நன்றாய்க் காய்ந்த இரும்புக் கல்லிலாவது கரி நெருப்பிலாவது இரண்டு புறமும் வாட்டி எடுப்பதுதான். உள்ளே சிவப்பாக இருக்கட்டும் என்பார் ஒருவர். நன்றாக வெந்திருக்க வேண்டும் என்பார் மற்றொருவர். இதற்குச் சென்னைப் பெரிய ஹோட்டல்களில் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் ரூபாய் வாங்குகிறார்கள். அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிற நம் ஊர்ப் பணக்காரர் வீட்டுப் பிள்ளை, அதைப் படமெடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறான். அதைப் பார்த்து, "பையன் நாகரிகமாக முன்னுக்கு வந்துவிட்டான்" என்று தகப்பனாரும் பூரித்துப் போகிறார்.

அதே மாட்டின் அதே சதையைச் சேரியில் ஒரு தாய் மிளகாயும் மல்லியும் அரைத்துப் போட்டுக் குழம்பு வைத்தால், மிஞ்சியதைக் கயிற்றில் கோத்து உப்புக்கண்டம் போட்டால், அந்தத் தெரு வழியாகப் போகிறவன் மூக்கைப் பொத்திக்கொள்ளுகிறான். பெயரிலேயும் இந்தப் பித்தலாட்டம் இருக்கிறது. 'பீஃப்' என்று சொன்னால் மரியாதை. 'மாட்டுக்கறி' என்று தமிழில் சொன்னால் மரியாதைக் குறைவு. அதற்காகத்தான் 'பெரிய கறி' என்று காதோடு காதாகச் சொல்லிக்கொள்ளுகிறார்கள். கறி ஒன்று, மாடு ஒன்று, மசாலாவும் தட்டும் மட்டும் வேறு. ஒன்று நாகரிகமாகவும் மற்றொன்று இழிவாகவும் ஆவதற்குக் கறியில் என்ன காரணம் இருக்க முடியும்?

நிற்க. இடம் கொடுக்க மறுப்பவர்கள் சொல்லுகிற சமாதானங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மதம் விரோதமாக இருக்கிறது என்பது முதல் சமாதானம். எந்த மதம்? வேதம் என்று இவர்கள் தலையில் வைத்துக் கூத்தாடுகிற நூல்களில் இந்திரனுக்குக் காளைகளைச் சமைத்துப் போட்ட செய்தி இருக்கிறது. சதபத பிராமணத்தில், பசுவையும் எருதையும் தின்னலாகாது என்ற பேச்சு வந்தபோது, இளசாயிருந்தால் நான் தின்பேன் என்று யாக்ஞவல்கியர் சொன்னதாக எழுதியிருக்கிறது. கல்விமானாகிய பிள்ளை வேண்டுமென்கிற தம்பதிகள் காளைக்கறியும் சோறும் சேர்த்துச் சாப்பிட வேண்டும் என்று பிருகதாரண்யக உபநிஷத்து சொல்லுகிறது. 'கோக்னன்', அதாவது பசு எவனுக்காகக் கொல்லப்படுகிறதோ அவன், என்ற சொல்லுக்கு விருந்தாளி என்றே பாணினியின் இலக்கணத்தில் பொருள். தமிழ் நூல்களைப் பார்த்தாலோ, ஆவைக் கவர்ந்து தின்ற மழவரை அகநானூறு காட்டுகிறது. மாட்டை உரித்துத் தின்கிற புலையனாயிருந்தாலும் சிவபக்தனானால் அவனை வணங்குவேன் என்று அப்பரே பாடியிருக்கிறார். அந்தத் தேவாரத்தை ராகம் போட்டுப் பாடுகிறவர்கள், புலையன் வந்து கடை கேட்டால் மாத்திரம் கதவைச் சாத்துவானேன்? பக்தனாயிருந்தால்தான் மரியாதை என்று அப்பர் போட்ட நிபந்தனையை நாம் ஒப்புக்கொள்ளவில்லை. மனிதனாயிருப்பதே மரியாதைக்குப் போதும் என்பது நமது கட்சி. ஆனால் அப்பரின் பக்தர்கள் அப்பர் அளவுக்காவது வர வேண்டாமா?

மாடு உழவனுக்கு உழைத்த ஜீவன், அதைத் தின்பது நன்றிகெட்ட காரியம் என்பது இரண்டாவது சமாதானம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வர்ணம் அடித்து, நெற்றியில் பொட்டு வைத்து, கழுத்தில் மாலை போட்டுக் கும்பிடுகிறோம். அந்த மாடு கிழடு தட்டி, பால் வற்றி, ஏருக்கும் வண்டிக்கும் உதவாமல் போனால் என்ன செய்கிறோம்? கட்டிவைத்து வைக்கோல் போட்டுச் சாகும் வரை காப்பாற்றுகிறவர்கள் எத்தனை பேர்? தரகனைக் கூப்பிடுகிறோம். துண்டைப் போர்த்து அதற்குள்ளே விரலைப் பிடித்து விலை பேசுகிறோம். கயிறு கை மாறுகிறது. பணத்தை எண்ணி மடியில் கட்டிக்கொள்ளுகிறோம். மாடு பொள்ளாச்சிச் சந்தைக்கும், அங்கிருந்து கேரளத்துக்கும் போகிறது என்பது நமக்குத் தெரியாதா? கிழட்டு மாட்டை அத்தனை விலை கொடுத்து வாங்குகிறவன் அதற்குப் பூஜை செய்யவா வாங்குகிறான்? துண்டுக்குள் விரல் பிடித்து விற்றவன் பரிசுத்தன், இலையில் போட்டுத் தின்றவன் பாவி என்றால், இது எந்த ஊர் நியாயம்? கல்லணைக் கால்வாய் பாயும் நம் வயல்களில் இன்று டிராக்டர்தான் உழுகிறது. உழவு மாட்டின் மேல் நமக்குள்ள நன்றியின் லட்சணம் அதிலேயே தெரிகிறது.

நம் தேசம் மாட்டிறைச்சி ஏற்றுமதியில் உலகத்தில் முன்வரிசையில் நிற்கிறது. போவது எருமைக்கறி என்பார்கள். எருமை மட்டும் பால் கொடுக்கவில்லையா? உழவில் சேறடிக்கவில்லையா? வெள்ளைத் தோல் மாடு தெய்வம், கறுத்த தோல் மாடு எமனுடைய வாகனம் என்று மாட்டிலேயும் வருணாசிரமம் வைத்தவர்கள் அல்லவா நாம்!

அசுத்தம், உடம்புக்குக் கெடுதி என்பது மூன்றாவது சமாதானம். அசுத்தமான இடத்தில் அறுத்து, ஈ மொய்க்கத் தொங்கவிட்டால் ஆட்டுக்கறியும் அசுத்தந்தான். அதற்குப் பரிகாரம் நகராட்சி சுத்தமான அறுப்புமனை கட்டி, கால்நடை வைத்தியரைக் கொண்டு பரிசோதித்து முத்திரை போடுவது. உடம்பைப் பற்றிச் சொன்னால், மாட்டுக்கறியில் புரதமும் இரும்புச் சத்தும் பி12 வைட்டமினும் நிரம்பியிருக்கின்றன. சிவப்பு இறைச்சியை மிதமிஞ்சித் தின்றால் குடல் புற்றுநோய்க்கு இடமுண்டாகலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த ஆராய்ச்சிச் சங்கம் 2015இல் எச்சரித்திருக்கிறது. அதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த எச்சரிக்கை ஆட்டுக்கறியையும் சேர்த்துத்தான் சொல்லப்பட்டது. எவ்வளவு சாப்பிடலாம் என்று வைத்தியர் சொல்லட்டும், கேட்டுக்கொள்ளுவோம். மடாதிபதி ஏன் சொல்ல வேண்டும்?

சட்டம் இடம் கொடுக்காது என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். நம் ராஜ்யத்தில் 1958ஆம் வருஷத்துச் சட்டப்படி, பத்து வயதுக்கு மேற்பட்டு உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாமற்போன மாடு என்று அதிகாரி சான்று கொடுத்தால் அறுக்கலாம். 1976இல் பசுவையும் கிடாரியையும் அறுக்கக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு போட்டது. மற்றபடி மாட்டுக்கறி விற்பதும் தின்பதும் தமிழ்நாட்டில் குற்றமல்ல. 2017 மே மாதத்தில் மத்திய சர்க்கார், அறுப்புக்காகச் சந்தையில் மாடு விற்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தபோது, அதற்கு முதலில் தடை போட்டது நமது மதுரை ஹைகோர்ட்டுக் கிளைதான். ஆகவே சட்டத்தின் பின்னால் ஒளிந்துகொள்ள வழியில்லை.

சமாதானங்கள் எல்லாம் போய்விட்டன. மிச்சமிருப்பது என்ன? மாட்டுக்கறி சேரிக்காரன் சாப்பாடு; அதைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தால் சேரியே கடைத்தெருவுக்கு வந்த மாதிரி என்கிற எண்ணம் ஒன்றுதான். இதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாயிருப்பதால்தான் மதத்தையும் மாட்டையும் வைத்தியத்தையும் சாட்சிக்கு இழுக்கிறார்கள்.

தஞ்சை ஜில்லாவில் இந்த மாட்டுப் புனிதம் எப்படி நடந்துகொண்டது என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பசுவின் பால், தயிர், நெய், மூத்திரம், சாணி ஐந்தையும் கலந்து பஞ்சகவ்யம் என்று குடித்தால் அது தோஷ நிவர்த்தி. அதே சாணியைக் கரைத்துப் பண்ணையாளுடைய வாயில் ஊற்றினால் அதற்குப் பெயர் சாணிப்பால், அது தண்டனை. சவுக்கடியும் சாணிப்பாலும் கீழத் தஞ்சைப் பண்ணைகளில் வெகுகாலம் நடந்தன. உழவர்கள் சங்கம் சேர்ந்து போராடி, 1944இல் மிராசுதாரர்களோடு உடன்படிக்கை செய்துகொண்ட பிறகுதான் அவை ஒழியத் தொடங்கின. மிராசுதார் குடித்தால் புண்ணியமாகிற சாணி, பண்ணையாள் குடித்தால் அவமானமாகிறது. பணக்காரப் பிள்ளை தின்றால் நாகரிகமாகிற கறி, சேரிக்காரன் தின்றால் இழிவாகிறது. இரண்டும் ஒரே கணக்கு. வஸ்து எதுவானாலும், தொடுகிற ஆளைப் பார்த்துத்தான் அதற்கு விலை போடுகிறார்கள்.

தோழர் அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட நூலில், பார்ப்பனர் மாட்டுக்கறியை விட்டுப் பசுவைத் தெய்வமாக்கிக்கொண்ட பிறகு, செத்த மாட்டைத் தின்பதை விட முடியாத ஏழைகள்மீதே தீண்டாமை ஏற்றப்பட்டது என்று வாதித்தார். ஊரார் வீட்டில் மாடு செத்தால் தூக்கிப்போட அவன் வேண்டும். தோலை உரிக்க அவன் வேண்டும். அந்தத் தோலால் செய்த மேளம் கோவிலுக்குள் போகலாம். தூக்கினவனும் உரித்தவனும் மட்டும் வெளியே நிற்க வேண்டும் என்றால் இதற்குப் பெயர் என்ன?

மாட்டுக்கறியை எல்லாரும் கொண்டாட ஆரம்பித்தால் இந்த இழிவு தானே போய்விடாதா என்று சில நண்பர்கள் கேட்கலாம். ஜப்பானைப் பாருங்கள். அங்கே 675ஆம் வருஷத்திலேயே மாட்டுக்கறி தின்னக் கூடாதென்று சக்கரவர்த்தி உத்தரவு போட்டார். செத்த மாட்டைத் தூக்கித் தோல் பதனிட்டவர்களை 'எத்தா' என்று தாழ்த்தி, ஊருக்கு வெளியே வைத்தார்கள். நம் நாட்டுக் கதைதான். 1871இல் அவர்களும் மற்றவர்களுக்குச் சமம் என்று சர்க்கார் உத்தரவு வந்தது. மறு வருஷம் 1872இல் சக்கரவர்த்தியே மாட்டுக்கறி சாப்பிட்டு ஊரறியச் செய்தார். இன்று கோபே நகரத்து மாட்டுக்கறி என்றால் உலகத்துப் பணக்காரரெல்லாம் நாக்கைத் தொங்கப் போடுகிறார்கள். கறிக்கு இத்தனை கௌரவம் வந்தும், எத்தா மக்களைப் பெண் கொடுப்பதிலும் வேலை கொடுப்பதிலும் ஒதுக்குவது நிற்கவில்லை. 1922இல் அவர்கள் தங்களுக்கென்று சங்கம் கண்டு போராட வேண்டியிருந்தது. கறியை மட்டும் உயர்த்தி, மனிதனை அப்படியே விட்டுவிட்டால் இதுதான் நடக்கும். சென்னை ஹோட்டலில் ஸ்டேக் தின்றுவிட்டுச் சேரிக்காரனுக்குக் கடை மறுக்கிற கனவான் நம் நாட்டிலும் இருக்கிறார்.

நாம் ஹோட்டலை எதற்காக இவ்வளவு பெரிதாகப் பேசுகிறோம் என்றால், தமிழ்நாட்டில் ஜாதி பந்தியில்தான் உட்கார்ந்திருந்தது. பந்தியில்தான் முதல் அடியும் வாங்கியது. சேரன்மாதேவிக் குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு போட்டது 1924, 1925 வருஷங்களில் நாட்டையே கலக்கியது. ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டு விடுதிகளில் பார்ப்பனருக்கென்று தனி இடம் இருந்ததைக் கிளர்ச்சி செய்து 1941இல் ஒழித்தோம். 1950இல் வந்த அரசியல் சட்டம், ஹோட்டலுக்குள் போவதை ஜாதியைச் சொல்லித் தடுக்கக் கூடாது என்றது. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற எழுத்தை எடுக்கப் பல மாதம் மறியல் நடந்தது, தொண்டர்கள் நூற்றுக்கணக்கில் சிறை சென்றார்கள், எழுத்து அழிந்தது. இத்தனை பாடுபட்டு எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்கார வழி செய்தோம். பெஞ்சில் சமத்துவம் வந்தது. அடுப்பங்கரையில் வந்ததா? சேரிக்காரன் மற்றவனுடைய சாப்பாட்டைக் காசு கொடுத்துச் சாப்பிடலாம்; அவனுடைய சாப்பாட்டை மற்றவனுக்கு எதிரில் விற்கக் கூடாது என்றால், 'பிராமணாள்' பலகை அழியவில்லை, எழுத்து கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போயிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

இதன் முடிவு எங்கே போய் நிற்கிறது என்பதையும் நாடு பார்த்துவிட்டது. 2015 செப்டம்பரில் உத்தரப் பிரதேசத்துத் தாத்ரியில், வீட்டில் மாட்டுக்கறி வைத்திருந்தார் என்ற வதந்தியின் பேரில் முகம்மது அக்லாக் என்பவரைக் கும்பல் அடித்தே கொன்றது. 2016 ஜூலையில் குஜராத்து உனாவில், செத்த மாட்டின் தோலை உரித்த தொழிலாளரைக் கட்டிவைத்து அடித்தார்கள். அதெல்லாம் வடக்கே என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. 2017 மே மாதத்தில் சென்னை ஐ.ஐ.டி.யில் மாட்டுக்கறி விருந்தில் கலந்துகொண்ட ஆராய்ச்சி மாணவர் கண்ணில் காயம்படத் தாக்கப்பட்டார். 2019 ஜூலையில் நமது பக்கத்து நாகப்பட்டினம் ஜில்லா பொரவச்சேரியில், மாட்டுக்கறி சூப் குடித்த படத்தைப் போட்டதற்காக ஒரு முஸ்லிம் வாலிபரை வீடு தேடிப் போய் அடித்தார்கள். நான்கு பேர் கைதானார்கள். 2022 மே மாதத்தில் திருப்பத்தூர் ஜில்லா நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா ஏற்பாடு செய்து, மாட்டு பிரியாணிக்கு மாத்திரம் இடமில்லை என்றது. எதிர்ப்பு வந்ததும் மழையைக் காரணம் காட்டி விழாவையே ஒத்திவைத்தார்கள். மாட்டு பிரியாணியை ஒதுக்கியது பாரபட்சம் அல்லவா என்று ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்க வேண்டியதாயிற்று. அடிக்கிறவன் கையில் தடி இருக்கிறது. கடை மறுக்கிறவர் கையில் சாவி இருக்கிறது. இருவர் மனத்திலும் உள்ள எண்ணம் ஒன்றேதான்.

இனி நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. பார்ப்பனியத்தைத் திட்டிக் கட்டுரை எழுதுவதும் கைதட்டுவதும் சுலபம். பட்டுக்கோட்டையில் இன்று கடைச் சாவி வைத்திருப்பவர்கள் நம்மவர்கள். அஞ்சாநெஞ்சன் அழகிரிசாமியின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிறவர்களும் அவர்களுக்குள் இருக்கிறார்கள். தென்னந்தோப்பில் கல்லைக் கூட்டி அடுப்பு வைத்து, சிநேகிதரோடு பெரிய கறி வறுத்துத் தின்றுவிட்டு, கையை மோந்து பார்த்துச் சோப்புப் போட்டுக் கழுவி, வீட்டுக்கு நல்லவராகப் போகிறவர்களும் இருக்கிறார்கள். தோப்பில் ருசியாயிருக்கிற கறி கடைத்தெருவில் கசப்பானேன்? சாதி ஒழிப்பு மாநாட்டுப் பந்தியிலேகூட ஆடும் கோழியும்தான் என்றால், ஒழிக்க வந்த சாதி இலையில் வந்து உட்கார்ந்துகொண்டது என்று அர்த்தமல்லவா?

மாட்டுக்கறி தின்றால் சாதி ஒழிந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. பிடிக்காதவனைத் தின்னச் சொல்லவும் இல்லை. கத்தரிக்காய் பிடிக்காதவன் இருப்பதுபோல் மாட்டுக்கறி பிடிக்காதவனும் இருப்பான்; அது அவன் நாக்கின் சுதந்திரம். ஆனால் கத்தரிக்காய் பிடிக்காதவன் கத்தரிக்காய் விற்கிறவனுக்குக் கடை கொடுக்கமாட்டேன் என்று சொல்லுவதில்லை. அதைத் தின்றவன் பக்கத்தில் உட்காரமாட்டேன் என்றும் சொல்லுவதில்லை.

ஆகவே செய்ய வேண்டிய காரியம் பெரிதல்ல. கடை உள்ளவர்கள் மற்றவருக்குக் கொடுக்கும் அதே வாடகைக்கு இந்த வாலிபர்களுக்கும் இடம் கொடுக்க வேண்டும். சாப்பிடுகிறவர்கள் பின்வாசல் வழியாகப் பொட்டலம் வாங்கிப் போகாமல், முன்வாசலில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சாப்பிடாதவர்கள் அதே மேஜையில் தங்களுக்குப் பிடித்ததைச் சாப்பிட வேண்டும். நமது கூட்டங்களின் பந்தியில் மாட்டுக்கறிக்கும் ஒரு பாத்திரம் இருக்க வேண்டும். நகராட்சி உறுப்பினர்களிடம் சுத்தமான அறுப்புமனை கேட்டு மனுக் கொடுக்க வேண்டும். அந்த வாலிபர்களுக்கும் ஒன்று சொல்லுகிறோம்: பலகையில் 'ஸ்டேக்' என்று எழுதி நிறுத்திவிடாதீர்கள். அதற்குக் கீழே 'மாட்டுக்கறி' என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

கடைத்தெருவில் காலி இடம் வைத்திருக்கும் தோழர்களுடைய பதிலை எதிர்பார்க்கிறோம்.